பெரிய காதும் என் ஓமும்

என் குரல் பெரியது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்குக் கால் நீளம், சிலருக்கு மூக்கு நீளம், எனக்குக் குரல். சிட்னியில், பென்டில் ஹில் ரயில் நிலையத்தில் நின்று நான் போனில் கதைத்தால், எதிர்ப்பக்க மேடையில் நிற்கும் தமிழ்ச் சனத்துக்கு எங்கள் வீட்டில் அன்று என்ன கறி என்பது தெரிந்துவிடும். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இதற்கென்று ஒரு சொல் வைத்திருந்தாள்: "அம்மா, வால்யூம்." இப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். சொல் மட்டும் மாறவில்லை.

இந்தக் குரலை வளர்த்துவிட்டது செவன் ஹில்ஸில் நான் வேலை செய்யும் தொழிற்சாலை. பதினேழு வருடமாக அங்கே பெட்டிகளில் சாமான் அடைக்கிறேன். மெஷின் ஓடும்போது மெதுவாகக் கதைப்பவருக்கு அங்கே யாரும் மறுமொழி சொல்வதில்லை. ஒருநாள் எனக்குப் பக்கத்தில் நின்ற ஃபிஜிக்காரியின் கையுறை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. நான் போட்ட சத்தத்தில் பெல்ட்டின் அந்தத் தொங்கலில், மறு முனையில் நின்றவன் பொத்தானை அமத்தி மெஷினை நிறுத்தினான். அவளுடைய ஐந்து விரல்களும் இன்றைக்கும் அவளிடம்தான் இருக்கின்றன. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அந்த விரல்களால் எனக்குக் கேக் செய்து தருகிறாள். ஆகவே யாராவது வால்யூம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். வந்தாலும் வெளியே காட்டுவதில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் என் வீட்டுக்காரர் இதை வாசிப்பார்.

அந்த மனுசன் எனக்கு நேரெதிர். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்தவர். முதல் வாங்கில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் படிப்பித்தார் என்று அவருடைய பழைய மாணவர்கள் இப்போதும் பகிடி பண்ணுவார்கள்.

எங்கள் வீட்டுக்குள் கிடந்த இந்தக் குரல் விவகாரம், மகனுக்குக் கலியாணப் பேச்சு வந்ததோடு வெளியே வந்தது. மகனுக்கு மெல்பேர்னில் வேலை. அங்கே அவன் விரும்பிய பெண்ணை எங்களிடம் கூட்டிவந்து காட்டியபோது எனக்கு அவளை நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. கோயம்புத்தூர்ப் பிள்ளை. தாய் தகப்பன் ஒரு வருடத்துக்கு முன்னர்தான் வந்து அவளோடு இருக்கிறார்கள். முறைக்குத் தாய்மார் முதலில் கதைக்கட்டும் என்று தீர்மானமாகி, பெண்ணின் அம்மா எனக்கு போன் எடுத்தார்.

அது ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். தொழிற்சாலைக்குப் பின்புறம் நின்று கதைத்தேன். பக்கத்தில் போர்க்லிஃப்ட் ஒன்று முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அவர் சொன்னதில் பாதி காதில் விழவில்லை. ஆனால் முக்கியமான கேள்வி நன்றாகக் கேட்டது.

"எங்க பொண்ணை உங்களுக்குப் பிடிச்சிருக்குங்களா? உங்களுக்குச் சம்மதங்களா?"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "ஓம்" என்றேன். பிறகு மறுபடியும், "சம்மதங்களா?" என்றார். போர்க்லிஃப்ட் சத்தத்தில் கேட்கவில்லையாக்கும் என்று, இந்த முறை மூச்சை இழுத்து, "ஓஓஓம்" என்றேன். மூன்றாம் தரமும் சொன்னேன். அதன்பிறகு அவர் பூசை என்று ஏதோ சொல்லி போனை வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமைதானே, அவருக்குப் பூசைக்கு நேரமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, சந்தோசமாகப் போய் என் சோற்றைச் சாப்பிட்டேன்.

அதோடு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு நின்றது. ஒரு கிழமை போனது, இரண்டு கிழமை போனது. மூன்றாம் கிழமை மகன் போன் எடுத்தான். அவன் குரலே சரியில்லை.

"அம்மா, அண்டைக்கு அவவோட என்ன கதைச்சனீங்கள்? உங்களுக்கு இந்தச் சம்பந்தத்தில விருப்பமில்லை எண்டு அவை நினைக்கினம்."

"விருப்பமில்லையோ? சம்மதம் எண்டுதானே சொன்னனான்!"

"கத்தியிருப்பீங்கள். தே ஆர் சொஃப்ட் பீப்பிள், அம்மா. நேரில வந்து ஒருக்காக் கதையுங்கோ. ஆனா மெதுவா, ப்ளீஸ். நான் அங்க எல்லாத்துக்கும் 'ஆமா' எண்டுதான் சொல்லுறனான். நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ. அவைக்கு எங்கட தமிழ் சரியா விளங்காது."

நான் சரி என்று சொல்லிவிட்டு, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கு இரண்டு துக்கம். என்னால் என் பிள்ளையின் கலியாணம் குழம்பப்போகிறது என்பது ஒன்று. பெற்ற பிள்ளைக்கே என் வாய் வெட்கமாக இருக்கிறது என்பது மற்றது. இரண்டாவதுதான் கூடச் சுட்டது. அம்மா என்று நான் சொல்லக் கேட்டுத்தான் அவன் அந்தச் சொல்லைப் பழகினான். இப்போது அவன் எனக்கு ஆமா பழக்குகிறான்.

அடுத்த சனிக்கிழமை காலை மெல்பேர்னுக்கு வெளிக்கிட்டோம். மகள் கார் ஓட, என் வீட்டுக்காரர் முன்னால், நான் பின்னால். எனக்குப் பக்கத்தில் பயத்தம் பணியாரப் பெட்டி, ரோல்ஸ், பிளாஸ்கில் தேத்தண்ணீர், கொழுவியில் தொங்கும் சீலை. கம்பல்டவுன் தாண்டியதும் மகள் எனக்குப் பயிற்சி தர ஆரம்பித்தாள்.

"அம்மா, அவை காபி வேணுமா எண்டு கேட்டா?"

"ஓ... ஆமா."

"சாப்பாடு நல்லா இருக்கா எண்டு கேட்டா?"

"ஓம். சீ, ஆமா."

"வால்யூம், அம்மா."

கோல்பேர்ன் வரைக்கும் இப்படியே போனது. கோல்பேர்னில் எனக்குப் பொறுமை போய்விட்டது. இனி மெல்பேர்ன் போய் வரும்வரை வாயே திறப்பதில்லை என்று முடிவெடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். செம்மறி ஆடுகளைப் பார்த்தேன். வைக்கோல் உருளைகளைப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அவர் திரும்பிப் பார்த்து, "என்னப்பா, சத்தத்தைக் காணேல்லை, சுகமில்லையோ?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் பயந்துபோய் எனக்கு ஒரு ரோல்ஸ் எடுத்து நீட்டினார்.

யாஸ் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் தெருவோரம் ஒரு பலகை வந்தது. பெரிய காது, அடுத்த திருப்பம், ஐந்து கிலோமீட்டர். இந்த நாட்டில் ஊருக்கு ஊர் எதையாவது பெரிதாகக் கட்டி வைத்திருப்பார்கள். பெரிய வாழைப்பழம், பெரிய செம்மறி, பெரிய இறால். ஆனால் காது என்று நான் கேள்விப்பட்டதில்லை. மகளுக்கும் காபி தேவைப்பட்டது. திருப்பினாள்.

ஒரே ஒரு தெரு உள்ள ஊர். பேக்கரி ஒன்று, தபாற்கந்தோர் ஒன்று, மூடிய வங்கி ஒன்று. தெரு முடிகிற இடத்தில், புல் தரையில், இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு காது நின்றது. ரோஸ் நிறம். மடிப்புகளெல்லாம் சரியாக இருந்தன. கீழே, தோடு போடும் சோணையில் ஏறி உட்கார்ந்து படம் எடுக்க இரண்டு படி வைத்திருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

"இன்னும் காது குத்தேல்லை" என்றார் அவர், தன்னுடைய அந்த முதல் வாங்குக் குரலில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

காது வெறும் விளம்பரம்தான். விசயம் அதற்குப் பின்னால் இருந்தது. ஒரு காலத்தில் கோதுமை சேர்த்து வைத்த உயரமான கொங்கிரீட் சைலோ, உள்ளே வெறுமையாக, கீழே சின்னக் கதவோடு நின்றது. உள்ளே போய்ச் சத்தம் போட்டால் எதிரொலி நெடுநேரம் நிற்குமாம். வாசலில் கதிரை போட்டு ஒரு வயதான வெள்ளைக்காரர் இருந்தார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், பக்கத்தில் கரும்பலகை. பலகையில் பெயர், ஊர், கத்திய சொல், எத்தனை செக்கன் என்று நான்கு நிரல்கள். கத்துகிறவர் வாயை மூடிய நொடியிலிருந்து, எதிரொலி அடங்கும்வரை அவர் நேரம் எடுப்பார். முதலிடத்தில் ஒரு லொறிக்காரர் இருந்தார். இந்த நாட்டுக்காரர் காட்டில் ஆளையாள் கூப்பிடக் 'கூ-ஈ' என்று கத்துவார்களே, அதைக் கத்தி இருபத்தொரு செக்கன். நாலு வருடமாக ஒருவரும் அதை முறிக்கவில்லை என்று கிழவர் பெருமையாகச் சொன்னார். லொறிக்காரர் அவருடைய மச்சானாம்.

கரவன் வண்டியில் ஊர் சுற்றும் ஒரு குடும்பம் எங்களுக்கு முன்னால் நின்றது. அவர்களும் கூ-ஈ தான். பன்னிரண்டு, பதினான்கு, பதினொன்று. பிறகு மகள் 'ஹலோ' என்று கத்தினாள். ஒன்பது. அடுத்து என் வீட்டுக்காரர் உள்ளே போய் நின்றார். நாங்கள் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் கிழவர் தலையை உள்ளே விட்டு, எப்போது தொடங்கப்போகிறீர்கள் என்று கேட்டார். என் மனுசன் கத்தி முடித்துவிட்டிருந்தார்.

மகளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அம்மா, இப்ப நீங்கள்" என்றாள். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். அவள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

உள்ளே குளிர். மேலே ஒரு சின்ன வட்டத்தில் வெளிச்சம். என் செருப்புச் சத்தம் மேலே போய்த் திரும்பி வந்து என்னைச் சுற்றியது. கிழவர் கதவடியில் நின்றுகொண்டு விதிகளைச் சொன்னார். ஒரே ஒரு சொல். எந்தப் பாசையிலும் இருக்கலாம். பிறகு சொன்னார்: வெட்கப்படாதே, லவ் (இங்கத்தைக் கிழவர்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்), எவ்வளவுக்குச் சத்தமோ அவ்வளவுக்கு நல்லது.

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில், என்னை இன்னும் சத்தமாகக் கத்து என்று கேட்ட முதல் ஆள் இந்தக் கிழவர்தான். இந்த நாட்டில் என்ன, பிறந்த நாளிலிருந்தே இவர்தான் முதல் ஆள். என்ன சொல்லைக் கத்துவது என்று நான் இன்னும் யோசிக்கவே தொடங்கவில்லை. கிழவர் ஸ்டாப்வாட்ச்சைத் தூக்கி, "ரெடியா?" என்றார்.

"ஓம்" என்றேன்.

அது பதில். ரெடியா என்றார், ஓம் என்றேன், அவ்வளவுதான். ஆனால் கோல்பேர்னிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு முழுவதும் அதோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது. குசினிக்குள் அழுத கோபமும் வந்தது. ஓ மேலே ஏறியது. ம் சுவரெல்லாம் பரவியது. நான் வாயை மூடிவிட்டேன், அது மூடவில்லை. கொங்கிரீட் முழுவதும் என் குரலில் முனகியது. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. கதவடியில் கரவன் குடும்பம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. கிழவர் ஸ்டாப்வாட்ச்சையும் மேலேயும் மாறி மாறிப் பார்த்தார். அது அடங்கி முடிந்தபோது அவர் தொப்பியைக் கழற்றினார்.

இருபத்தேழு செக்கன்.

நான் துள்ளினேன். ஐம்பத்தாறு வயதில், சுடிதாரோடு, இரண்டு காலும் தரையை விட்டு எழும்பத் துள்ளினேன். கரவன்காரர்கள் கைதட்டினார்கள். கிழவர் மச்சானின் பெயரை இரண்டாம் இடத்துக்கு இறக்கிவிட்டு, என் பெயர் என்ன என்று கேட்டார். என் பெயர் பலகைக்குக் கொள்ளாது. மகள் 'அம்மா' என்று எழுதச் சொன்னாள். அம்மா, பென்டில் ஹில் என்று எழுதினார். சொல் என்ற நிரலில், தனக்குத் தெரிந்த மாதிரி, ஓ, எச், எம் என்று மூன்று ஆங்கில எழுத்துப் போட்டார்.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "மின்தடையின்ர அலகைப் போட்டிருக்கிறார்! முப்பது வருசமா நான் அளக்கேலாமல் விட்ட தடையை இந்த மனுசன் ஒரு நிமிசத்தில அளந்துபோட்டார்."

மகள் எடுத்த வீடியோவைத் தமையனுக்கு அனுப்பிவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது. நான் பேக்கரியில் வெற்றிக்கு ஒரு கேக் வாங்கிப் பாதி சாப்பிட்டிருந்தேன். போன் அடித்தது. மகன்.

"அம்மா, ஆன்ட்டி உங்களோட கதைக்கோணுமாம்."

மீதிக் கேக்கைத் தட்டில் வைத்தேன். முடிந்தது கதை என்று நினைத்தேன். எழும்பித் தெருவுக்கு வந்தேன். வாங்கின பாடம் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு, குரலைக் கீழே இறக்கி, "ஆமா, சொல்லுங்கோ" என்றேன்.

"ஏனுங்க, ஒண்ணுமே கேக்கலீங்களே. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."

ஒரே நாளில் இரண்டாம் ஆள்.

"கதையுங்கோ, கேக்குது" என்றேன், என் சொந்தக் குரலில்.

"உங்க பையன் காலைல இருந்து இங்கதான் சேரெல்லாம் எடுத்துப் போட்டுட்டு இருக்கான். அவன் போன்ல பாட்டு ஓடிட்டிருந்துச்சு, நடுவுல ஏதோ வீடியோவத் தொறந்தான் போல, திடீர்னு ஸ்பீக்கர்ல ஒரு சத்தம் வந்துச்சுங்க. அன்னைக்கு நீங்க போன்ல சொன்னீங்களே, அதே சத்தம். யாருடா தம்பி மந்திரம் சொல்றதுன்னு கேட்டேன். மந்திரமில்ல ஆன்ட்டி, எங்க ஊர்ல ஆமாங்கறதுக்கு அப்படித்தான் சொல்லுவோம்ங்கறான். நெசமுங்களா?"

"ஓம்" என்றேன்.

"அட கடவுளே!" அவர் போட்ட சத்தத்தில் நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். மென்மையான ஆட்களாம். "நான் சம்மதங்களான்னு கேக்கறேன், நீங்க கண்ண மூடிட்டு ஓம் ஓம்னு ஜெபம் பண்றீங்கன்னு நெனச்சுட்டேனுங்க. நீங்க பூஜையில இருக்கீங்க போல, அப்புறம் பேசறேன்னு வெச்சுட்டேன். இஷ்டமில்லாதவங்கதான் இப்படிப் பதில் சொல்லாம நழுவுவாங்கன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. மூணு வாரமா எம் பொண்ணு சரியாச் சாப்பிடலீங்க."

தெருவில் இருந்த வாங்கில் அப்படியே இருந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "நான் மூண்டுதரம் சொன்னனான் அம்மா" என்றேன். "மூண்டுதரமும் சம்மதம்தான்."

அந்தப் பக்கம் அவரும் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "இன்னொருக்கா முறையாக் கேக்கட்டுங்களா?" என்றார்.

"ஒரு நிமிசம் பொறுங்கோ" என்றேன்.

தெருவைக் கடந்து ஓடினேன். காதைத் தாண்டி, கிழவரைத் தாண்டி, சைலோவுக்குள் போனேன். பின்னால் ஓடிவந்த மகள் கிழவருக்கு விசயத்தைச் சொன்னாள். அவர் ஒரு கையால் ஸ்டாப்வாட்ச்சை எடுத்து, மற்றக் கையால் கரவன் குடும்பத்தை அமைதியாக இருக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் கதவடியில் வந்து நின்றார். போனை ஸ்பீக்கரில் போட்டு உயரப் பிடித்தேன்.

"எங்க பொண்ணை உங்க வீட்டு மருமகளா ஏத்துக்கறீங்களா?"

அந்தக் கேள்வியே சைலோவுக்குள் அழகாகச் சுற்றியது. அது அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். இந்த முறை கோபம் இல்லை. மெஷினை நிறுத்திய அதே குரல்தான், ஆனால் முழுச் சந்தோசத்தோடு. அது போய்க்கொண்டே இருந்தது. மெல்பேர்னில் ஒருவரும் போனை வைக்கவில்லை.

முப்பத்தொரு செக்கன். கிழவர் பலகையில் இருபத்தேழை அழித்துவிட்டு எழுதினார். அந்த லொறிக்கார மச்சான் இன்றைக்கும் இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறார். போன மாதம் கேட்டு அறிந்துகொண்டேன்.

பின்னேரம் மெல்பேர்ன் போய்ச் சேர்ந்தோம். பெண்ணின் அம்மா வாசலில் வைத்தே என்னைக் கட்டிப்பிடித்தார். நாங்கள் இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கியதும், என் வீட்டுக்காரரும் அவருடைய வீட்டுக்காரரும் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு பின்முற்றத்துக்குப் போய்விட்டார்கள். பெண் தட்டு நிறையச் சாப்பாடு போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள். மகன் மட்டும் சுவரோரமாக நின்றான். என் முகத்தைப் பார்ப்பதும் பிறகு தரையைப் பார்ப்பதுமாக இருந்தான். நானும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. என் வாய் உனக்கு வெட்கமோ என்று கேட்கவேண்டும் என வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்தவள்தான்.

பெண்ணின் அம்மா குசினியிலிருந்து தலையை நீட்டினார். "தம்பி, உனக்குக் காபி போடட்டுமா?"

ஒரு வருடமாக அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஆமா சொல்லிக்கொண்டிருந்த என் பிள்ளை, நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"ஓம் ஆன்ட்டி" என்றான். பின்முற்றத்தில் இருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தம்.